டல்லஸிலிருந்து டஸ்கலூசா: காரா, ஃப்ளைட்டா?

எங்கள் மூத்தவள் அலபாமா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2024 ஆகஸ்டில் சேர்ந்தாள். நேஷனல் மெரிட் என்னும் நாடளவிலான உதவித்தொகைப் போட்டியில் ஃபைனலிஸ்ட் ஆன பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் உதவித்தொகை பெரியது. அதை நம்பி டெக்சாஸிலிருந்து போகும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவள் பள்ளியில் ஆறு வருஷம் கிளாரினெட் வாசித்தவள். அங்கே போனதும் மில்லியன் டாலர் பேண்ட் என்னும் பல்கலைக்கழக இசைக்குழுவில் சேர்ந்துவிட்டாள். நானூறு பேர் வாசிக்கும் பெரிய அணி அது. சனிக்கிழமை கேம் என்றால் பிரையண்ட்-டென்னி ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் முன்னால் என் மகளும் நின்று வாசிக்கிறாள் என்று அர்த்தம். அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எனக்கு இன்னும் பாதிதான் புரியும். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய் நிற்காமல் இருக்க முடிவதில்லை.

நாங்கள் இருப்பது டல்லஸுக்கு வடக்கே ப்ளேனோவில். பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா இங்கிருந்து சுமார் 600 மைல், அதாவது 965 கி.மீ. சென்னையில் கிளம்பிக் கன்னியாகுமரி போய், திரும்பி மதுரை வந்து சேர்ந்தால் ஆகும் தூரம். இருநூறு மைல் என்றால் யாரும் யோசிக்காமல் காரை எடுத்துவிடுவார்கள். ஆயிரம் மைல் என்றால் ஃப்ளைட்தான். இந்த அறுநூறுதான் இரண்டுக்கும் நடுவே நின்று படுத்துகிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாகப் பிள்ளையை அனுப்பிய அம்மாக்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்க டிரைவ் பண்றீங்களா, ஃப்ளைட்டா?" நாங்கள் இரண்டும் செய்து பார்த்துவிட்டோம். 2024 செப்டம்பர் 28, ஜார்ஜியா பல்கலைக்கழக அணியுடனான கேமுக்கு ஃப்ளைட்டில் போனோம். 2025 நவம்பர் 8, எல்எஸ்யு (லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) கேமுக்குக் காரில் போனோம்.

முதலில் நேரம். டல்லஸிலிருந்து அலபாமாவில் இருக்கும் பர்மிங்ஹாமுக்குப் பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணிதான். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். டஸ்கலூசாவில் விமான நிலையம் ஒன்று இருக்கிறது. ஆனால் நாம் டிக்கெட் வாங்கிப் போகிற விமானம் எதுவும் அங்கே இறங்குவதில்லை. கேம் நாளில் அங்கே வரிசையாக நிற்பவை பணக்கார ரசிகர்களின் தனி விமானங்கள். நமக்கு பர்மிங்ஹாம்-ஷட்டில்ஸ்வொர்த் விமான நிலையம்தான். அங்கிருந்து டஸ்கலூசா இன்னும் 60 மைல். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்: விமான நிலையம் போக நாற்பது நிமிடம், ஒன்றரை மணி முன்னதாகப் போய்க் காத்திருப்பது, பறப்பது ஒன்றே முக்கால், இறங்கி வாடகைக் கார் சாவி கைக்கு வர முக்கால் மணி, அப்புறம் சாதாரண நாளில் ஒரு மணி நேரச் சாலை. கேம் நாளில் அந்த ஒரு மணி ஒன்றரை ஆகிவிடும். மொத்தம் ஆறு மணி நேரம். காரில் சக்கரம் ஓடும் நேரம் ஒன்பது மணி, மூன்று இடத்தில் நிறுத்தினால் பத்தரை. ஆக, ஃப்ளைட்டில் மிச்சமாவது ஒரு பக்கத்துக்கு நாலரை மணி நேரம். இரண்டு ஊரும் ஒரே நேர மண்டலத்தில் இருப்பதால் கடிகாரம் எந்தப் பக்கமும் திருகாது. கிழக்கே ஜார்ஜியா எல்லைக்குப் போனால்தான் ஒரு மணி நேரம் பறிபோகும்.

பணக் கணக்கில் பலர் பெட்ரோலை மட்டும் எண்ணுகிறார்கள். போய்வர 1,200 மைல். எங்கள் கார் கேலனுக்கு 27 மைல் கொடுக்கிறது. கேலன் 2.75 டாலர் என்று வைத்தால் 122 டாலர். "அவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் அமெரிக்க வரித்துறை 2025-க்கு வணிகப் பயணத்துக்கு வைத்த விகிதம் மைலுக்கு 70 சென்ட். அப்படிப் பார்த்தால் அதே பயணம் 840 டாலர். அதில் காப்பீடும் காரின் விலைத் தேய்மானமும் சேர்ந்திருக்கிறது. நாம் பயணம் போனாலும் போகாவிட்டாலும் காப்பீடு கட்டத்தான் போகிறோம். அதனால் டயர், ஆயில், தேய்மானம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மைலுக்கு 30 சென்ட் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 360 டாலர். வழியில் ஓர் இரவு தங்கினால் 140. ஆக 500. காரில் ஒருவர் போனாலும் நால்வர் போனாலும் இதே 500-தான்.

ஃப்ளைட்டுக்கு நாங்கள் மூன்று பேர், சின்னவனையும் சேர்த்து. ஆளுக்கு 260 டாலர் வீதம் 780. வாடகைக் கார் இரண்டு நாளுக்கு 150, அதற்குப் பெட்ரோல் 20, இங்கே விமான நிலையத்தில் காரை விட்டுப் போக 50. மொத்தம் ஆயிரம். தனியாகப் போகிறவருக்கு 480. ஒருவர் என்றால் இரண்டும் சரிசமம், இருவர் என்றால் கார் மலிவு, மூவர் என்றால் பாதிக்குப் பாதி. தனி ஆளாகப் போகும் அப்பாவுக்கு நான் எப்போதும் ஃப்ளைட்டைத்தான் சொல்வேன். பணம் ஒன்றுதான் என்றால் பத்து மணி நேரம் தனியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவானேன்?

முன்பு சவுத்வெஸ்ட் விமானத்தில் போனால் இரண்டு பெட்டி இலவசம் என்று ஒரு சௌகரியம் இருந்தது. 2025 மே 28-க்குப் பிறகு வாங்கும் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போய்விட்டது. பிள்ளைக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆனால் நேரமும் பணமும் தெரிந்துவிட்டால் மட்டும் முடிவு எடுக்க முடியாது. கேம் எத்தனை மணிக்கு என்பதே தெரியாமல்தான் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. கல்லூரிக் கால்பந்தில் ஆட்டம் தொடங்கும் நேரத்தைத் தீர்மானிப்பது டிவிக்காரர்கள். பெரிய கேம்களுக்குக் கோடையிலேயே நேரம் சொல்லிவிடுவார்கள். மற்றவற்றுக்குக் காலையா, மதியமா, இரவா என்று ஓர் உத்தேசம்தான். சிலவற்றுக்கு "மதியமோ இரவோ" என்றே போட்டிருக்கும். சரியான நேரம் பன்னிரண்டு நாளைக்கு முன்பு வரும், சில சமயம் ஆறே நாளைக்கு முன்பு. காலை 11 மணியாக இருக்கலாம், மதியம் 2:30 ஆக இருக்கலாம், இரவு 6:30 ஆகவும் இருக்கலாம். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். 11 மணி கேம் என்றால் சனிக்கிழமை மாலையே விமானம் பிடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் வெளியேறும் ஊரில் அப்படி டிக்கெட் போடாதீர்கள். 6:30 கேம் என்றால் முடியவே பத்து மணி தாண்டும். அன்றிரவு ஊர் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு மாதம் முன்பே மலிவாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு இந்த நேரம் மாறுவதுதான் பெரிய இடி. காருக்கு அந்தக் கவலை இல்லை, கிளம்பும் நேரத்தை நாம்தான் வைக்கிறோம். ஃப்ளைட்தான் என்று முடிவானால் விலை கொஞ்சம் கூடினாலும் கட்டணமில்லாமல் மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டாக வாங்குங்கள். ஆகக் குறைந்த விலையில் இருக்கும் பேசிக் டிக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

பேண்ட் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்றும் உண்டு. ஆட்டம் தொடங்கும் நேரம் நமக்குக் கெடு அல்ல. தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கோர்காஸ் நூலகத்தின் படிக்கட்டில் பேண்ட் நின்று வாசிக்கும். அதற்கு எலிஃபண்ட் ஸ்டாம்ப் என்று பெயர், யானைதான் அந்த அணியின் சின்னம். நூலகத்துக்கு எதிரே குவாட் என்னும் பெரிய புல்வெளி. காலையிலிருந்தே அங்கே கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் எல்லாம் படிக்கட்டைச் சுற்றி வந்துவிடும். அங்கிருந்து பேண்ட் அணிவகுத்து ஸ்டேடியத்துக்குப் போகும். ஸ்டேடியத்துக்குள் நானூறு சிவப்புச் சட்டைகளில் என் பெண் எது என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும். படிக்கட்டில் அவள் முகம் தெரியும், அவளும் நம்மைப் பார்ப்பாள். அதனால் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி முன்னதாகவே குவாட்டில் நிற்க முடியுமா என்று பாருங்கள்.

2024-இல் நாங்கள் செய்த தவறு இதுவல்ல, படிக்கட்டுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அன்று நடந்த ஆட்டத்தை இன்னும் பேசுகிறார்கள். அலபாமா 28-0 என்று முன்னால் போனது. ஜார்ஜியா விடாமல் துரத்திக் கடைசி மூன்று நிமிடத்துக்குள் 34-33 என்று முந்திவிட்டது. அலபாமாவின் அடுத்த வீச்சிலேயே ரையன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் பந்தைப் பிடித்துச் சுழன்று ஓடி 75 கெஜம் கடந்தான். 41-34. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. பேண்ட் வாசித்ததே காதில் விழவில்லை. எங்கள் தவறு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. விலை குறைவு என்று அதிகாலை விமானம் எடுத்திருந்தோம். ஆட்டம் முடிந்த பிறகும் பேண்டுக்கு வேலை இருக்கும், வாத்தியத்தை வைத்துவிட்டு, உடை மாற்றி வர வெகுநேரம் ஆகும். அவள் வந்து பத்து நிமிடம் பேசினாள். பர்மிங்ஹாம் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. நாலு மணிக்கு எழுந்து கிளம்பிவிட்டோம். ஆயிரம் டாலர் செலவழித்து, பெற்ற பெண்ணோடு பேசியது மொத்தம் இருபது நிமிடம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை.

அதிலிருந்து நான் கணக்கை வேறு மாதிரி போடுகிறேன். எத்தனை மணி நேரம் பயணம் என்று பார்ப்பதில்லை, அவளோடு விழித்திருக்கும் நேரம் எத்தனை என்று பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் சனிக்கிழமையைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது, அன்று அவள் முழுக்க பேண்டுக்குச் சொந்தம். நமக்கு இருப்பது வெள்ளி மாலையும் ஞாயிறும். இந்த இரண்டில் எது வேண்டும் என்பதை உங்கள் அலுவலக விடுப்புதான் சொல்லும்.

வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைத்தால் விடியற்காலை ஐந்து மணிக்குக் காரை எடுத்து மூன்றரைக்கெல்லாம் சேர்ந்துவிடலாம். பேண்ட் பயிற்சி முடிந்து வருகிறவளோடு இரவுச் சாப்பாடு. ஆனால் திங்கள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஞாயிறு ஒன்பது மணிக்குக் கிளம்பியாக வேண்டும், அவள் தூங்கி எழுவதற்குள் நாம் போய்விடுவோம். விடுப்பே இல்லையென்றால் ஃப்ளைட்டில் சனி காலை போய், ஞாயிறு பிற்பகல் விமானத்தில் திரும்பலாம். காலை உணவும் மதிய உணவும் அவளோடு, ஐந்து மணி நேரம் கிடைக்கும். ஞாயிறு வேண்டுமானால் ஃப்ளைட்தான் ஜெயிக்கிறது, இதை நான் மறைக்கப் போவதில்லை. வெள்ளி, திங்கள் இரண்டும் விடுப்பு என்றால் கேள்வியே இல்லை, கார்.

விடுப்பு இல்லாமல் காரில் போக ஒரு வழி இருக்கிறது. வெள்ளி மாலை ஐந்துக்குக் கிளம்பி லூயிசியானாவில் மன்ரோ வரை ஓட்டிப் படுத்துவிடுவது. கிட்டத்தட்ட சரிபாதி தூரம். டல்லஸ் நெரிசலையும் சேர்த்துப் பத்தரைக்குப் போய்விடலாம். மறுநாள் ஏழுக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்கு டஸ்கலூசா. இரவு கேமுக்குத் தாராளம், 2:30 கேமுக்கு இழுபறி, 11 மணி கேமுக்கு நடக்காது. வெள்ளி இரவு முழுக்க ஓட்டி விடியலில் போய்ச் சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேம் முடிந்த கையோடு இரவில் திரும்புவதும் கூடாது. அக்டோபர், நவம்பரில் மான்கள் சாலைக்கு வரும் காலம், மிசிசிப்பியில் இருபுறமும் காடு. நாள் முழுக்க வெயிலில் நின்று கத்திக் களைத்தவர் கண்ணயர்வது எந்த நொடியில் என்று யாருக்கும் தெரியாது. மைலுக்கு மைல் பார்த்தால் விமானம் காரைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. அந்த வித்தியாசத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது தூக்கமும், மாற்றி ஓட்ட இன்னொருவரும்தான். மாற்று ஓட்டுநர் இல்லாத குடும்பத்துக்கு நான் காரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிள்ளை அங்கே இல்லாத, கேமுக்காகவே போகிற ரசிகர்களுக்கு ஒரு யோசனை: டஸ்கலூசா ஹோட்டல்கள் கேம் வாரம் விலையை ஏற்றுவதோடு இரண்டு இரவு எடுத்தால்தான் அறை என்றும் சொல்லும். பகல் கேம் என்றால் முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் மேற்கே ஓட்டி மெரிடியனில் தங்குங்கள். அறை மலிவு, மறுநாள் ஓட்டும் தூரத்தில் 90 மைல் அப்போதே குறைந்திருக்கும். ஃப்ளைட்டில் வந்தவருக்கு இது வாய்க்காது, அவர் கிழக்கே பர்மிங்ஹாமுக்குத்தான் போக வேண்டும்.

காரில் போகும் வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். டல்லஸைத் தாண்டி ஏறினால் பிறகு கடைசி வரை ஐ-20 நெடுஞ்சாலை ஒன்றேதான், திருப்பம் என்று எதுவும் இல்லை. டெரலில் பக்கீஸ் என்னும் பெரிய பெட்ரோல் பங்க் கடையில் ஒரு நிறுத்தம், அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதற்காகவே. ஷ்ரீவ்போர்ட் தாண்டிப் பைன் மரங்களாக வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் சலிப்புதான். மன்ரோவுக்குப் பிறகு நிலம் தட்டையாகிவிடும், மிசிசிப்பி ஆற்று வண்டல். இலையுதிர் காலத்தில் பருத்தி வெடித்து வயல் வெள்ளையாகக் கிடக்கும். கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்த என் கணவர் அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுவார். அங்கே டெல்லி என்றே எழுதிய ஓர் ஊர்ப்பலகையும் வரும், ஊர்க்காரர்கள் "டெல்ஹை" என்கிறார்கள். பாலத்தைத் தாண்டியதும் விக்ஸ்பர்க். உள்நாட்டுப் போரில் முற்றுகையிடப்பட்டு 1863 ஜூலை 4-இல் சரணடைந்த நகரம். ஆற்றைப் பார்த்தபடி மிசிசிப்பி மாநில வரவேற்பு மையம் இருக்கிறது. நாங்கள் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அங்கேதான் பிரித்தோம். ஜாக்சனைத் தாண்டி பிராண்டனில் ஓர் இந்துக் கோயில் உண்டு, நேரம் இருந்தால் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

சாப்பாடு என்றதும் சாமான். ஃப்ளைட்டில் இட்லி, சப்பாத்தி, பொடி எல்லாம் கைப்பையில் போகும். தயிர், சட்னி, தொக்கு, ஊறுகாய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். போன நவம்பரில் காரின் பின்புறம் என்னென்ன போயிற்று என்று சொன்னால் சிலருக்கு இதுவே முடிவாகிவிடும்: ஐஸ் பெட்டியில் இரண்டு டப்பா மாவு, ஒரு பானைத் தயிர், பத்து கிலோ பொன்னி அரிசி, குளிர்காலக் கோட்டு, போர்வைகள், எங்களுக்குப் பாய். இப்போது அவளும் மூன்று தோழிகளும் வளாகத்துக்கு வெளியே அபார்ட்மெண்ட் எடுத்திருக்கிறார்கள். பாய் இருந்தால் ஹோட்டல் தேவையில்லை. ஞாயிறு காலை நாலு பெண்களுக்கும் நான் தோசை வார்த்தேன். அலபாமாக்காரப் பெண் ஒருத்தி ஏழு சாப்பிட்டாள்.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்டேடியத்துக்குள் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி, 12 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலம், அதற்கு மேல் கூடாது. விமான நிலையத்திலிருந்து ஊபரில் நேரே வருபவர்கள் முதுகுப்பையை எங்கே வைப்பது என்று வாசலில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கார் இருந்தால் டிக்கியில் போட்டுப் பூட்டிவிடலாம். வளாகத்துக்குள் இருக்கும் பார்க்கிங் பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்கு. நாம் தள்ளி எங்காவது நிறுத்தி அரை மணி நடக்கத் தயாராக வேண்டும்.

இந்த வருஷம் நாங்கள் போகப்போவது அயர்ன் பவுலுக்கு, அதாவது அதே மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழக அணியுடன் வருஷாவருஷம் நடக்கும் கேமுக்கு, நவம்பர் 28. இரட்டைப்படை ஆண்டுகளில் அது டஸ்கலூசாவில் நடக்கும். தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாளைக்கு மறுநாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும்போது பேண்ட் பிள்ளைகள் கேமுக்காக அங்கே இருக்க வேண்டும். ஃப்ளைட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. தேங்ஸ்கிவிங்குக்கு அடுத்த ஞாயிறு அமெரிக்க விமான நிலையங்கள் திணறும் நாள். 2024-இல் அந்த ஒரு நாளில் 30 லட்சம் பேருக்கு மேல் சோதனை முடித்து அனுப்பியிருக்கிறார்கள். அன்று டிக்கெட் விலையும் அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை என் கணவருக்கு அலுவலக விடுமுறை. திங்களுக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். சின்னவன் ஒரு நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது. வெள்ளி விடியலில் கிளம்பி, ஞாயிறு முழுக்க அவளோடு இருந்து, சாலை நெரிசல் வடிந்த திங்கள் காலையில் திரும்புகிறோம். கேம் எத்தனை மணிக்கு வைத்தாலும் சரி.

நேற்று போனில் சொன்னபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா, இந்தத் தடவை இரும்புத் தோசைக்கல்லை எடுத்துட்டு வந்து இங்கயே விட்டுட்டுப் போறியா?"